முறை தப்பிய வண்டி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. வேலைக்குப் போன ஊரில் உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்குக் கால் போன செய்தி உனக்கு வந்திருக்கும். நாலு நாளாக போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. கோபம் இருக்கட்டும். எடுத்தாலும் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் முடியாது. அதனால்தான் காகிதம்.

நம் அறுவடை இயந்திர வண்டிக்காரர்கள் சங்கத்தில் எந்த வண்டி எந்த வயலுக்கு எப்போது போகும் என்று முறை உண்டு. அது இல்லாத காலத்தில் ஒருத்தர் வேலையை ஒருத்தர் பிடுங்கி நாய்ச்சண்டை போட்டது உனக்கே தெரியும். முறை தப்பியவனோடு பேச்சு இல்லை. அவன் வண்டி சேற்றில் மாட்டினால் யாரும் சங்கிலி போட்டு இழுக்கக் கூடாது. இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் சங்கத் தலைவனான நான். முதலில் கை தூக்கியவர் உன் வீட்டுக்காரர். அவர் மறந்துவிட்டார், நீயாவது மறக்காதே.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாக விவசாயம் பார்க்கும் அம்மாள், மழை வருகிறது, கதிர் சாய்கிறது என்று அவரிடம் அழுதாளாம். அவள் முறை வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. மாப்பிள்ளைக்கு மனசு கரைந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வண்டியை வயலில் இறக்கிவிட்டார். ஊருக்கெல்லாம் நல்லவராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதும் உண்டு. பாதி வயல் அறுப்பதற்குள் வண்டி வயிறு வரை சேற்றில் புதைந்துவிட்டது.

அடுத்த வயலில் நான் டிராக்டரோடு நின்றேன். சங்கத்து ஆட்களும் இருந்தார்கள். மாப்பிள்ளை வரப்பேறி வந்து, "மச்சான், ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் என்ன தண்டனை வேணாலும் குடுங்க" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். எனக்கும் இழுத்துவிடத்தான் ஆசை, பொய் சொல்லவில்லை. ஆனால் தங்கச்சி புருஷன் என்று நான் வளைந்தால் நாளைக்கு எவன் மதிப்பான்? மனு எழுதிக் கொடுங்கள், கூட்டத்தில் வைப்போம் என்றேன். சிலர் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அவர்தான் ரோஷக்காரர் ஆயிற்றே. கட்டைகளை வெட்டி, தானே சக்கரத்துக்கு அடியில் செருகக் குழிக்குள் இறங்கினார். அவருடைய டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் அது சரிந்து அவர் தொடைமேல் உட்கார்ந்துவிட்டது.

எல்லோரும் ஓடினோம். சங்கிலியைத் தூக்கிய ஒருவன் என் முகத்தைப் பார்த்தான். ஆளை எடுக்கலாம், வண்டியை இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? மண்வெட்டியால் தோண்டினோம். நானும் தோண்டினேன், கையெல்லாம் கொப்புளம். பொழுது சாய்ந்த பிறகுதான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. அதுவரை என் டிராக்டர் ஓடிக்கொண்டே நின்றது, அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் முன்னால் எடுத்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்.

ஆஸ்பத்திரியில் உன் அண்ணிதான் கூட இருக்கிறாள். வீட்டுக்கே வருவதில்லை. நான் போனபோது வார்டு வாசலிலேயே மறித்து, வந்த வழியே போகச் சொன்னாள். அவரோடு பேசக் கூடாது என்ற தடை இன்னும் நீங்கவில்லை, அதனால் நானும் வற்புறுத்தவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் போலீஸ் அவரிடம் வாக்குமூலம் வாங்க வருகிறது. அங்கே டிராக்டரே இல்லை என்று சங்கத்தில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். டிரைவரும் சொல்லிவிட்டான். இனி அவர் ஒருவர்தான் பாக்கி. உன் பேச்சை அவர் தட்ட மாட்டார். அவரையும் அப்படியே சொல்லச் சொல்லி போனில் ஒரு வார்த்தை சொல். அவர் அப்படிச் சொன்னால் தடையை நீக்கி, நானே முதல் ஆளாகப் போய் அவர் வண்டியை இழுத்துக் கரையேற்றுகிறேன். இல்லாவிட்டால் அது அந்த வயலிலேயே துருப்பிடிக்கும். தீர்மானம் தீர்மானம்தான், நான் என்ன செய்ய முடியும்?

உன்னைத் தூக்கி வளர்த்தவன் கேட்கிறேன், என்னைக் கைவிடாதே. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

நீங்கள் இருவரும் கை கால் சுகத்தோடு நூறு வருஷம் வாழ வேண்டும்.

உன் அண்ணன்