வெயிலில் வைத்த தோட்டா

பிரிட்டோரியா
தென்னாப்பிரிக்கா
ஜூலை 20, 1996

அன்புள்ள அலெட்டா அக்காவுக்கு,

நீயும் ஹென்னிங் மச்சானும் நலமா? பதில் போடமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

காட்டெருமைக்கும் யானைக்குமாக ஒரு புதுத் தோட்டா வடிவமைத்திருக்கிறேன். பருமனான குண்டு, குட்டையான பித்தளைக் கூடு. சாதாரண ரைஃபிளிலேயே பொருந்தும். நேற்றுக் காலை, புல்லில் பனி உறைந்து கிடக்கும்போது சுட்டுப் பார்த்தோம். வெடித்த கூடு வெண்ணெய் மாதிரி வழுக்கி வெளியே வந்தது. தொழிற்சாலைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மச்சான் பெயரை வைக்க ஆசை.

உன் பேத்தி மர்லீஸ் வேட்டை வழிகாட்டி ஆகிவிட்டாளாமே. முதல் ரைஃபிள் அவளுக்குத்தான். அக்டோபரில் அதோடுதான் காட்டில் இறங்குவேன் என்கிறாள்.

தம்பி ஃப்ளோரிஸ்


லிம்போபோ ஆற்றங்கரை
ஆகஸ்ட் 2

ஃப்ளோரிஸ்,

நலம் கேட்டாய். அவர் கட்டிலில் கிடக்கிறார், நான் கட்டிலைச் சுற்றி வருகிறேன். அவருக்கு ஒரு ஜன்னல், எனக்கு ஒரு அடுப்பு. பதினோரு வருஷமாக இதுதான் எங்கள் நலம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மறக்கிறவள் இல்லை. எங்கள் கல்யாணத்தில் நீ கரிய விட்ட ஆட்டுத்தொடை எந்தப் பக்கத்துத் தொடை என்று இப்போதும் சொல்வேன். உன் முதல் தோட்டாவையும் பனிக்காலத்தில்தான் சுட்டுப் பார்த்தாய். அன்றைக்கும் இதே வெண்ணெய்தான். அவர் அதை இங்கே வெயில் கொளுத்தும் அக்டோபரில் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார். வண்டியில் கிடந்து வெயிலில் கொதித்த தோட்டா. முதல் வெடி எருமையின் தோளில் பட்டது. வெடித்த கூட்டை வெளியே தள்ளி இரண்டாவதை ஏற்றப் போல்ட்டை இழுத்தார். வரவில்லை. கூடு உப்பிப்போய் உள்ளேயே கவ்விக்கொண்டது. எருமை காத்திருக்கவில்லை.

அந்தக் காலத்து ஆட்கள் கூட்டை ஏன் நீளமாக, சரிவாக விட்டார்கள்? இடம் இருந்தால் வெடிமருந்து மூச்சு விடும், சூட்டிலும் கூடு கழன்று வரும். இது உனக்குத் தெரியும். குட்டையாக இருந்தால் நன்றாக விற்கும். அதுவும் தெரியும்.

மர்லீஸிடம் சொன்னேன். "பாட்டி, நீங்க அந்த எருமையை இன்னும் விடமாட்டேங்கிறீங்களே" என்கிறாள். "அது விட்டுச்சாடி உன் தாத்தாவை?" என்றேன். கதவை அறைந்துவிட்டுப் போனாள். என் பேச்சு அவளுக்கு ஏறாது, உன் பேச்சுதான் வேதம்.

பெயர் கிடையாது.

அலெட்டா


பிரிட்டோரியா
ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும். இப்போது மருந்து வேறு, பித்தளையும் வேறு. கணக்குப்படி வெயிலைத் தாங்கும் என்கிறார்கள் தொழிற்சாலையில். கூடுகள் அச்சில் ஏறிவிட்டன. 'இந்த வேகம் வேறெதிலும் இல்லை' என்று விளம்பரமும் போய்விட்டது. இனிக் கூட்டை நீட்டினால் ரைஃபிளையே மாற்றவேண்டும். என்னைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். எனக்கும் வெளியே வர வழியில்லை அக்கா.

தம்பி ஃப்ளோரிஸ்


லிம்போபோ ஆற்றங்கரை
ஆகஸ்ட் 30

ஃப்ளோரிஸ்,

வழியில்லாததைப் பற்றி எனக்கே பாடம் எடுக்காதே.

அக்டோபரில் இங்கே வா. காலையிலேயே தோட்டாக்களை வண்டியின் பானெட்மேல் பரப்பு. இந்தப் பக்கத்தில் இப்போதெல்லாம் புதுத் தோட்டாவை இப்படிக் காயவைத்துச் சுட்டுப் பார்க்காமல் யாரும் நம்புவதில்லை. பக்கத்தில் உப்புக்கண்டத்தையும் போடு, அதுவாவது காயட்டும். உச்சி வெயிலில் நீயே சுடு. அவர் ஜன்னலுக்கு எதிரே நின்று சுடு. மர்லீஸ் பக்கத்தில் நிற்கட்டும்.

வராவிட்டால் இனி எழுதாதே. காட்டிலிருந்து அவளைப் பற்றி எந்தச் செய்தி வருகிறதோ, அதை நான் உனக்கு எழுதுகிறேன்.

அலெட்டா


லிம்போபோ ஆற்றங்கரை
அக்டோபர் 18

தம்பி ஃப்ளோரிஸ்,

வந்தாய். படியேறாமலே போனாய். நானும் கூப்பிடவில்லை.

திரைச்சீலைக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒரு வெடி. இரண்டாவது வெடி வரவில்லை. அப்புறம் போல்ட் பிடியில் மரச்சுத்தியல்: டக், டக், டக். அவர் கண்ணைத் திறந்தார்.

"ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு."

"பாவம்டி ஃப்ளோரிஸ்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குத் தலையணையாலேயே அடித்திருப்பேன்.

மர்லீஸ் உள்ளே வந்தாள். தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பிடித்தது அந்தக் காலுக்குத் தெரியாது. 'இந்தக் கூடு ஆளைக் கொல்லும், வேண்டாம்' என்று நீ தொழிற்சாலைக்கு எழுதிக் கொடுத்ததையும், அவர்கள் உன்னை அனுப்பிவிட்டதையும் பிறகு அவள்தான் வந்து சொன்னாள். இனி நீ செய்யப்போகிற நீளக்கூடு வரும்வரை பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைத்தான் தூக்குவாளாம்.

அந்த நீளக்கூட்டுக்கு உன் மச்சான் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். "மெதுவாப் போனாலும் பரவால்ல, திறக்கணும்" என்கிறார். கொடுத்தது அவர். நான் இல்லை.

இந்தக் கடிதத்தோடு மர்லீஸ் ஒரு நீளப் பொட்டலம் கொண்டுவருவாள். அவருடைய ரைஃபிள். அன்றைக்கு மாட்டிக்கொண்ட உன் கூடு இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறது. எடுக்க நான் யாரையும் விடவில்லை. கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. தினமும் அவரைப் புரட்டிப் போடும்போது என் கால்விரல் அதில்தான் இடிக்கும்.

நீயே எடு. எடுத்துவிட்டு வா. காப்பி தருகிறேன். மன்னிப்புக் கேட்காதே, அது என்னிடம் இல்லை.

அக்கா அலெட்டா