எந்த ஊர் மண்ணும் இல்லாத இடம்

கல்லுப்பாளையம்
20.6.2024

உண்ணாமலைக்கு,

பெரியசாமி எழுதுவது. ஆள் வைத்து எழுதவில்லை. நானே என் கையால் எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். எழுத்தைப் பார், மாடு மேய்ந்த காடு மாதிரி இருக்கிறது. ஆள் வைத்திருந்தால் நேராக இருக்கும்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு வைத்தார்கள். சண்முகப்பிரியா என்று ஒரு டீச்சர். சின்ன வயது, நல்ல பொறுமை. இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். உர மூட்டை படிக்கிறேன். நேற்று டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தையும் விடவில்லை. யாரோ ஒருவருக்கு நினைவஞ்சலி. எண்ணெயைத் துடைத்துவிட்டு அவர் பெயரைப் படித்தேன். இத்தனை காலம் என்னைச் சுற்றி எல்லாம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் காது இல்லை.

முதல் கடிதம் யாருக்கு என்று டீச்சர் கேட்டார். பொண்டாட்டிக்கு என்றேன்.

“அம்மா எங்கீங்க ஐயா இருக்காங்க?”

“அக்கரைலங்க. அந்தா பாலத்தடியில ஓட்டு ஊடு தெரியுது பாருங்க, அதுதான்.”

டீச்சர் என்னையும் பார்த்தார், வீட்டையும் பார்த்தார்.

நமக்குப் பிள்ளை இல்லை என்று நம் காட்டைத் தன் மகன் பெயருக்கு எழுதச் சொன்னான் உன் தம்பி. நான் மாட்டேன் என்றேன். நீ தம்பி பக்கம் நின்றாய். அது போகட்டும். அந்தக் காட்டில் இப்போது சோளத்தட்டுகூட நிமிர்ந்து நிற்பதில்லை. ஆனால் சத்தியம் போகாது. உன் ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று உன் தலைமேல் சூடம் அணைத்தேன். என் ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று உன் தாலிமேல் நீ அணைத்தாய். நான் மிதித்தால் உன் உயிருக்கு ஆகாது. நீ மிதித்தால் என் உயிருக்கு ஆகாது. கோபத்திலும் நாம் பிணை வைத்தது ஒருவர் உயிரை ஒருவர்.

இப்போது சொல்கிறேன் கேள். இரும்புப் பாலம் யார் மண்? வெள்ளைக்காரன் போட்டது. காலுக்குக் கீழே இரும்பு, அதற்கும் கீழே திருமணிமுத்தாறு. அதில் உன் ஊரும் இல்லை, என் ஊரும் இல்லை. வருகிற அமாவாசை சாயங்காலம் நடுப்பாலத்துக்கு வா.

இப்படிக்கு,
பெரியசாமி

*

ஆத்துமேடு
27.6.2024

ஏனுங்க மாமாவுக்கு, உண்ணாமலை எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாமக்கல், சேலம் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. நீங்கள் அந்தக் கரையில் நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள் என்று கல்யாணமான புதிதில் கேலி செய்தீர்களே, “என்ன படிச்சு என்ன, மாடு உன்ர எழுத்தப் பாத்தா பால் கறக்குது?” என்று. இப்போது யார் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? இருந்தாலும் படித்து முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன். தம்பி மருமகள் மஞ்சுளா, “யார் அத்தை எழுதியிருக்கிறது?” என்றாள். மாமா என்றேன். “எந்த மாமா?” என்கிறாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தது எல்லாம் முடிந்த பிறகுதானே.

எனக்கு நெஞ்சில் வால்வு சரியில்லை. வண்டியில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ் ஏறுவதில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கிளம்பிப் பாதி வழியில் மூச்சு முட்டித் திரும்பிவிட்டோம். தடி ஊன்றி நடுப்பாலம் வரை நடப்பேன். அதற்குமேல் முடியாது.

வருகிறேன். நடுவில் இரண்டு தகடு சேரும் இடம் இருக்கிறதல்லவா, அதைத் தாண்டி நீங்கள் இந்தப் பக்கம் வரக் கூடாது, நானும் அந்தப் பக்கம் வர மாட்டேன். பல் இருக்கிறதா? முறுக்குச் சுடவா, பணியாரம் போதுமா?

இப்படிக்கு,
உண்ணாமலை

*

கல்லுப்பாளையம்
6.10.2024

உண்ணாமலைக்கு,

போன அமாவாசைக்கு நீ கொண்டுவந்த பணியாரம் இன்னும் நாக்கில் இருக்கிறது. நீ இளைத்துவிட்டாய். நேரில் சொன்னால் சண்டைக்கு வருவாய், அதனால் எழுதுகிறேன். எழுத்தில் இது ஒரு வசதி.

டிராக்டர்காரப் பையன் ஹாரன் அடித்து, “தாத்தா, பாலத்துல லவ்வு பண்ணாதீங்க, அக்கட்டால நில்லுங்க!” என்றானே, அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். டீக்கடையில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

ஒரு சேதி. திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடும் ரிக் வண்டி ஓட்டி, ஆப்பிரிக்கா போய், அங்கே சுரங்கம் வாங்கி, கோடி கோடியாகச் சேர்த்த முதலாளி இருக்கிறாரே, அவர் கடலில் சுற்றச் சொகுசுக் கப்பல் ஒன்று கட்டச் சொன்னது உனக்குத் தெரியும். ஊர்ப் பையன்கள் கையால்தான் கட்ட வேண்டும் என்று, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்தார். உங்கள் பக்கத்துப் பட்டறைதான். நம் ஆட்கள் லாரி கட்டுகிற மாதிரியே உற்சாகமாகக் கட்டிவிட்டார்கள். மாடிக்குமேல் மாடி. இப்போது ட்ரெய்லரில் ஏற்றி நாகப்பட்டினம் கொண்டுபோக வேண்டுமாம். பைபாஸில் குறுக்கே தாழ்வான மேம்பாலங்களாம், அதனால் போகும் வழி நம் பாலம். பாலத்துக்குமேல் பந்தல்போல இரும்புச் சட்டம் இருக்கிறதே, கப்பல் அதைவிட உயரம். கடலுக்குக் கட்டியவர்கள் ரோட்டை அளக்கவில்லை.

நீ என்ன நினைப்பாய்? கப்பலைப் பிரிப்பார்கள் என்றுதானே? நானும் அப்படித்தான் சிரித்தேன். இல்லையாம். பாலத்தை அறுக்கிறார்களாம்.

பெரியசாமி

*

ஆத்துமேடு
14.10.2024

ஏனுங்க மாமாவுக்கு,

இங்கும் அதே பேச்சுத்தான். மஞ்சுளாவின் புருஷன், அதுதான் யார் பெயருக்குக் காட்டை எழுதச் சொன்னானோ அந்தத் தம்பி மகன் சிவபிரகாஷ், அந்தக் கப்பலுக்குத்தான் பெயிண்ட் அடிக்கிறான். “கண்ணாடி மாதிரி இருக்குதுங்க அத்தை, நம்ம மூஞ்சி தெரியுது” என்கிறான். அவன் முகத்தில் இவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை. பாலம் போகுமே என்றால், “கழட்டிட்டு, கப்பல் போனதும் திருப்பி மாட்டிருவாங்க அத்தை, ஏன் பயப்படறீங்க?” என்கிறான்.

கழற்றின எதைத்தான் நம் ஊரில் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்?

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டவர். ஒரு மனு எழுதுங்கள்.

உண்ணாமலை

*

கல்லுப்பாளையம்
12.11.2024

உண்ணாமலைக்கு,

எழுதினேன். நேற்றுத் திங்கட்கிழமை, நாமக்கல் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். இத்தனை பேரை நம் மாரியம்மன் தேரில்கூடப் பார்த்ததில்லை. உன் தம்பி முருகானந்தமும் வந்திருந்தான். என்னைப் பார்த்து, “வாங்க மச்சான்” என்றான். நாமக்கல் மண் யாருக்கும் சத்தியத்தில் இல்லை, அதனால் நானும் பேசினேன்.

எல்லோரும் டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். நான் மட்டும் கையால் எழுதியது. “இது வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பால்வண்டியும் போகும் பாலம். நானும் என் மனைவியும் சந்திக்க வேறு இடம் கிடையாது.” அவ்வளவுதான். அங்கிருந்த அதிகாரி படித்துவிட்டுக் கேட்டார்.

“இது நீங்களே எழுதினதாங்க பெரியவரே?”

“ஆமாங்க.”

“எழுத்து ரொம்ப நல்லாருக்குங்க.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்து எல்லோரிடமும் சொன்னேன். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. பாலத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவே இல்லை.

நம் பாலத்துச் சேதி டி.வி.யில் வந்தது. சென்னையில் யாரோ கூட்டம் போட்டார்கள். மதியழகன், நம் வார்டு மெம்பர், கப்பல் வரும் நாளில் எல்லோரும் கூமுட்டை எறியலாம் என்கிறான். எருமப்பட்டிக் கோழிப் பண்ணைகளில் சொல்லிவைத்திருக்கிறானாம். நாமக்கல்காரனுக்கு ஆயுதமா பஞ்சம்.

மார்கழிக் குளிரில் வராதே. சால்வை போர்த்திக்கொண்டு வந்தால் வா.

பெரியசாமி

*

கல்லுப்பாளையம்
23.1.2025

உண்ணாமலைக்கு,

நேற்று உன் கரையிலிருந்து நீயும் பார்த்திருப்பாய். என் கரையில் நடந்ததை எழுதுகிறேன்.

மேல்சட்டத்தைப் பொங்கலுக்கு முன்பே அறுத்துக் கரையில் போட்டுவிட்டார்கள். அறுக்கிற சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது. நேற்று ஊரே பாலத்தடியில் நின்றது. ஒரு டெம்போ நிறையக் கூமுட்டை. வெயிலில் ஒன்றிரண்டு தானாகவே வெடித்து, போலீஸ்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரப் போய்விட்டார்கள். எல்லோர் கையிலும் முட்டை. என் கையிலும்.

கப்பல் வந்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. முதலாளி வரவில்லை. கப்பலுக்கு இரண்டு பக்கமும் அதைக் கட்டிய நம் பையன்கள் நடந்து வந்தார்கள். வெல்டிங் அடித்தவன், ஆணி அடித்தவன், உன் சிவபிரகாஷ். அதில் பாதிப்பேரின் அம்மாக்கள் இந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். மதியழகன் கையை ஓங்கினான். பக்கத்தில் நின்ற பிரபா, அவள் மகனும் பட்டறைதான், மதியழகன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, எம்பையன் ராப்பகலா தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சது, அதுல முட்டைய அடிப்பீங்களா?”

“அது முதலாளி கப்பலுங்க அக்கா!”

“முதலாளி எங்கீங்க நிக்கறாரு? காட்டுங்க, நானே அடிக்கறேன்.”

ஒருவர்கூட எறியவில்லை. பிறகு போனை எடுத்தார்கள், போட்டோ பிடித்தார்கள். குழந்தைகள் கை தட்டின. நான் மட்டும் கப்பல் தாண்டிப் போனபின் ஒன்று எறிந்தேன். அது மதியழகன் முதுகில் விழுந்தது. “யோவ் பெரியவரே!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் தை அமாவாசை. சட்டம் இல்லாவிட்டால் என்ன, தரை இருக்கிறது. வருவேன்.

பெரியசாமி

*

ஆத்துமேடு
17.2.2025

ஏனுங்க மாமாவுக்கு,

தை அமாவாசைக்கு நான் வந்தேன். என் கோடியில் சுவர் எழுப்பியிருந்தார்கள். உங்கள் கோடியிலும் அப்படித்தான் என்று மஞ்சுளா சொன்னாள். மேல்கட்டு போனதால் தரை ஆட்டம் கண்டுவிட்டதாம், இனி ஆள்கூட நடக்கக் கூடாதாம். திருப்பி மாட்டுவது எப்போது என்று முருகானந்தம் போய்க் கேட்டான். டெண்டர் விட வேண்டும் என்றார்களாம். அறுத்துப் போட்ட இரும்பில் பாதியை ஏற்கெனவே காணோம்.

சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். நீங்களும் உங்கள் பக்கம் நின்றிருப்பீர்கள்.

போன கடிதத்தில், ஆனது ஆகட்டும், பைபாஸ் சுற்றி பஸ் ஏறி வீட்டுக்கே வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வராதீர்கள். என் உயிருக்குப் பயந்து சொல்லவில்லை. டாக்டர் ஆபரேஷன் தாங்காது என்று சொல்லிவிட்டார். நான் எப்படியும் போகிறவள். ஆனால் நான் போனால் என் நோயால் போனதாக இருக்க வேண்டும். நீங்கள் வந்து மிதித்து, அடுத்த வாரம் நான் போய்விட்டால், மிச்ச நாளெல்லாம் உட்கார்ந்து என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

இத்தனை வருஷம் நான் அந்தப் பக்கம் காலை வைக்காததால்தான் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன். அதைக் கெடுக்காதீர்கள்.

என் எழுத்து இப்போது உங்கள் எழுத்து மாதிரி இருக்கிறது. சிரியுங்கள்.

உண்ணாமலை

*

கல்லுப்பாளையம்
9.4.2025

உண்ணாமலைக்கு,

நீ சொன்னபடி வரவில்லை. மாசி முழுக்க வரவில்லை, பங்குனியிலும் வரவில்லை. சாயங்காலமானால் கரையில் நின்று உன் ஓட்டு வீட்டைப் பார்த்தேன். வாசலில் யாராவது சேலை உலர்த்தினால் அது உன்னுடையது என்று வைத்துக்கொண்டேன்.

போன வாரம் காலையில் முருகானந்தம் போன் செய்தான். “மச்சான், அக்கா போயிருச்சுங்க” என்றான்.

பஸ் போர்டை நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. பைபாஸ் சுற்றி, இரண்டு பஸ் மாறி, ஆத்துமேடு என்று போட்ட பலகைக்குக் கீழே இறங்கினேன். முதல் காலை வைக்கும்போது கூசியது. கண்டக்டர், “இறங்குங்க சாமி, நேரமாகுது” என்றார். இறங்கிவிட்டேன்.

உனக்கு மஞ்சள் சேலை கட்டியிருந்தார்கள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முருகானந்தம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்காவ உங்க காட்டுக்கே எடுத்துட்டுப் போங்க மச்சான். தூக்கிட்டுப் போனா மிதிச்சதாகாதுங்க” என்றான். எனக்கும் அதுதான் ஆசை. பாலம் இருந்தால் தோளில் தூக்கிக்கொண்டே இரண்டு ஊரும் நடந்திருக்கும். பாலத்தில் சுவர். வண்டி வைத்துச் சுற்றிப் போனால் பொழுது இறங்கிவிடும் என்றார்கள் பெரியவர்கள். சிவபிரகாஷ் ஓரமாக நின்று அழுதான். அவனை ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெயிண்டர் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உன்னை ஆத்துமேட்டிலேயே அடக்கம் செய்துவிட்டோம். நீ உன் சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். நான்தான் மிதித்தேன். முழுதாக ஒரு பகல், வாசல், தெரு, இடுகாடு எல்லாம் மிதித்தேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டியது முன்பே ஆகிவிட்டது.

இனி நான் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம்.

இப்படிக்கு,
பெரியசாமி