சவரி அண்ணா, வண்டியை விட்டு இறங்கு

என் முரட்டு அண்ணா, என் சவரி,

கல்லறைத் திருநாள் வருகிறது. மயிலாப்பூரில் நம் தெருவே மெழுகுவர்த்தி வாங்கக் கிளம்பிவிட்டது. நீ படுத்திருக்கிற இடத்தில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அண்ணி செவ்வந்தி மாலைக்குச் சொல்லியிருக்கிறாள். நீ அங்கேதான் இருக்கிறாயா என்பதுதான் எனக்குச் சந்தேகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. பெட்ரோலுக்கு இன்னும் கூப்பன்தான். வெள்ளைக்காரன் போன பிறகு மோட்டார் பந்தயக் கிளப்பில் நம்மவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் டீயை யார் முதலில் எடுப்பது என்பதில் பழைய வரிசை மாறவில்லை. கொழும்பிலிருந்து தேயிலைத் தோட்டத் துரைகள் கப்பலில் வண்டி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பம்பாய்க்காரர்களும் வந்தார்கள். இந்த வருஷம் பெங்களூர், மதராஸ், கொழும்பு என்று மூன்று பந்தயம் அல்லவா? கொழும்பு இன்னும் பாக்கி. நீ ஆசை ஆசையாகக் காத்திருந்த நம்ம ஊர்ப் பந்தயமும் முடிந்துவிட்டது, அண்ணா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

காலையில் கொடி விழுந்தால் பொழுது சாயும்வரை ஓட வேண்டிய பந்தயத்தில் வேகக்காரன் ஜெயிப்பதில்லை, வண்டியும் ஆளும் உடையாமல் வருகிறவன்தான் ஜெயிப்பான் என்பாயே. ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவன் இறங்கினால் ஒருவன் ஏற வேண்டும். நீயும் உன் உயிர்ச் சிநேகிதர் காசிம் பாயும் கிண்டிக் கொட்டகையில், பட்டாளம் விட்டுப்போன ஓட்டை உடைசலையும் விழுந்த விமானத்தின் தகட்டையும் வைத்து அந்த வண்டியைச் செய்தீர்கள். உலகத்தில் அதற்கு ஜோடி கிடையாது. கிளப்பில் அதற்கு 'அண்டா' என்று பெயர்.

வண்டியைச் செய்தபோதே உங்களுக்குள் ஒரு சட்டமும் செய்துகொண்டீர்கள். இறங்குகிறவன் வாயைத் திறந்து "வண்டி உன்னுது" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மற்றவன் ஸ்டீயரிங்கைத் தொடலாம். பெட்ரோல் ஊற்றுகிற அவசரத்திலும், வாயெல்லாம் புழுதி அப்பியிருந்தாலும், நீ அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

பெங்களூரிலிருந்து திரும்பியதும் உனக்கு ஜுரம் வந்தது. டைபாய்டு என்றார் டாக்டர். கடைசி நாள் காசிம் பாய் வந்து கட்டிலருகே நின்றார். நீ கண்ணைத் திறக்கவில்லை. உன் இடது கால் மட்டும் கட்டில் சட்டத்தை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தது, கிளட்சை மிதிப்பது போல. அண்ணி அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பாய் குனிந்து, "சொல்லு நைனா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்று கெஞ்சினார். விடைபெறத்தான் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். நீ ஒன்றும் சொல்லாமலே போய்விட்டாய்.

உன் இடத்துக்கு யார் என்று கிளப்பில் கேட்டபோது, "தங்கச்சி ஓட்டும்" என்று சொல்லிவிட்டார் பாய். அடையாறுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் நீ எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது ஊருக்கே தெரியும். மடத்துப் பள்ளிக்கூட டீச்சர் பந்தய வண்டி ஓட்டினால் மதர் என்ன சொல்வார்களோ என்று நானே போய்க் கேட்டேன். மதர் சொன்னது ஒன்றுதான்: "தலையில் துணி கட்டிக்கொள். அந்தக் கூட்டத்தில் பேன் பிடித்து வராதே."

சிரித்துவிட்டாயா? இனிமேல் சிரிக்கிற விஷயம் இல்லை.

நீ பனைமரம், பாய் குள்ளம். அவர் ஏறும்போது முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று வைக்க வேண்டும். நான்தான் தைத்துக் கொடுத்தேன். அது இல்லாவிட்டால் அவர் கால் கிளட்சுக்கு எட்டாது. நீ போன பிறகு முதன்முதலாக வண்டியை வெளியே எடுத்த அன்றைக்கு, அவர் நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து நின்றார். திண்டு கொட்டகை மூலையிலேயே கிடந்தது.

"பாய், திண்டு வைக்கலையா?"

அவர் தம் காலைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "தெர்ல தங்கச்சி. எட்டுது."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கியரைக் குறைக்கும் முன் எஞ்சினை இரண்டு தடவை உறுமவிடுவது உன் பழக்கம், அவருக்குக் கிடையாது. இப்போது அவரும் உறுமவிட்டார். உன்னைப் போலவே உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பாய், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றே கேட்டுவிட்டேன்.

"ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீது. வண்டிதான் எனக்கு முன்னாடியே திரும்பிக்குது. நான் சும்மா கைய வெச்சிக்கினு குந்திக்கினு கீறேன். அவன் சொல்லாமப் பூட்டான் இல்ல? இன்னும் அவனுதுதான் அது." கடைத்தெருவில் விலை சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பந்தய நாளில் அவர்தான் முதலில் ஏறினார். ஊருக்கு வெளியே, பட்டாளத்து விமான ஓடுபாதையில், புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. நம் கீற்றுப் பந்தலில் டயர், பெட்ரோல் டின் எல்லாம் தயாராக இருந்தன. ஆள் மாறுகிற வேளை வந்ததும் நான் பலகையைத் தூக்கிக் காட்டினேன். அவர் நிற்காமல் போனார். அடுத்த சுற்றிலும் போனார். அதற்கடுத்த சுற்றிலும் போனார்.

கிளப்காரர்கள் கொடி காட்டினார்கள், பார்க்கவில்லை. பின் டயரில் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. அது வெடித்தால் மனிதரை அள்ளித்தான் எடுக்க வேண்டும். அவர் வீட்டில் நாலு பெண் குழந்தைகள். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. உதடு குவிந்திருந்தது. பாய் முகம்தான், ஆனால் பாய் அதில் இல்லை.

நான் பந்தலை விட்டு ஓடுபாதை ஓரத்துக்கே போய் நின்றேன். "பாய்! பாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடந்து போய்விட்டது. அடுத்த சுற்றில் எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது, வேறு பெயர் வந்தது. "சவரி அண்ணா! இறங்கு! வண்டியை விட்டு இறங்கு!"

அந்த இரைச்சலில் காது இருக்கிறவனுக்கே கேட்டிருக்காது. எஞ்சின் இரண்டு தடவை உறுமியது. வேகம் குறைந்தது. வண்டி திரும்பிப் பந்தலை நோக்கி வந்தது.

வந்தது, நிற்கவில்லை. ஊர்ந்து போய் மணல் மூட்டையில் முட்டித்தான் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாயின் கால்கள் பிரேக்குக்கு எட்டாமல் அந்தரத்தில் துழாவிக்கொண்டிருந்தன. "கால் எட்லியே தங்கச்சி," என்று குழந்தை மாதிரி அழுதார். "இவ்ளோ நேரம் நான் எங்க இருந்தேன்?"

அவரைத் தூக்கித்தான் இறக்கினோம். டயர் மாற்றினார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். "வண்டி உன்னுது" என்று யாரும் சொல்லவில்லை. பாய் வாயைத் திறந்தார், சொல்ல வரவில்லை.

இனி சொல்லப்போவதை அண்ணியிடமும் சொல்லவில்லை. உன்னை இறங்கச் சொன்னவள் நான்தான். ஆனால் ஏறியதும் என் மனசு முழுக்க ஒரே பொருமல். சிநேகிதனிடம் வந்தாய், கூடப் பிறந்தவளிடம் வரக்கூடாதா? முதல் வளைவு வந்தது. பாய் சொன்ன மாதிரி கையைத் தளர்த்திவிட்டு, "திருப்பு அண்ணா" என்றேன்.

வண்டி திரும்பவில்லை. நேரே தகர டிரம்களைப் பார்த்துப் போனது. கடைசி நொடியில் நானேதான் ஒடித்துத் திருப்பினேன். முன் சக்கரம் புல்லில் இறங்கி ஏறியது. சீட்டு வெறும் சீட்டாக இருந்தது. உன்னைப் புதைத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை, அண்ணா. மீதிப் பந்தயம் முழுக்க அழுதுகொண்டேதான் ஓட்டினேன். கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தோம். கேலி செய்யாதே, முடித்தோம் இல்லையா?

பாய் தேறிவிட்டார். இப்போது திண்டு இல்லாமல் வண்டிப் பக்கமே வருவதில்லை. கொழும்புக்கு அவரும் நானும் போகிறோம், கப்பலில் இடம் சொல்லியாயிற்று.

நேற்று அண்ணி மாவு சலித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்: "பாய் என்னமோ சொல்றாராமே. உங்க அண்ணன் உன்கிட்ட வந்தாரா?"

"இல்ல அண்ணி."

"என்கிட்டயும் வரல," என்றாள். அப்புறமும் சலித்துக்கொண்டே இருந்தாள். சல்லடையில் மாவு எப்போதோ தீர்ந்துவிட்டது.

கொழும்பில் எந்த வளைவிலும் கையைத் தளர்த்த மாட்டேன், உன்னைக் கூப்பிடவும் மாட்டேன். இது சத்தியம். ஓட்டுகிறவர்கள் ஓட்டிக்கொள்கிறோம். உனக்கு வரத்தான் வழி தெரிகிறதென்றால், வண்டிக்கு வராதே. ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் போ. அண்ணி பயப்படமாட்டாள்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கை,
பிலோமினா