வெள்ளை வண்டியும் டிரைவர் சீட்டும்

செப். 12, வெள்ளி
காலையிலிருந்து தூறல். அறுப்பு இல்லை. நானும் தம்பி சேகரும் மிஷினுக்குக் கிரீஸ் வைத்தோம். பெல்ட் தேய்ந்திருக்கிறது, வாலாஜாபாத்தில் பார்க்க வேண்டும்.

ஞாயிறு ஜப்பானில் ஆறு மணி நேர கார் ரேஸ். கம்பெனிப் பெயர்கள் சேகர் வாயில் நுழையாது. எங்கள் வீட்டில் நிறம்தான்.
சிவப்பு: நல்ல வேகம். டயரைத் தின்றுவிடும்.
நீலம்: பெட்ரோல் கம்மி. நேர் ரோட்டில் சோம்பேறி.
வெள்ளை: எதிலும் முதல் இல்லை, எதிலும் கடைசி இல்லை. போன மூன்று ரேஸிலும் ரிப்பேருக்கென்று பானெட்டைத் திறக்கவே இல்லை.
வெள்ளைதான். நெல் அறுக்கிற மிஷின் வைத்திருப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"செவப்புதான்க்கா. நீ இன்னா வேணா சொல்லு."

பந்தயம். வெள்ளை ஜெயித்தால் திங்கட்கிழமை திருப்புலிவனம் வயலில் மிஷினை நான் ஓட்டுவேன். தோற்றால் சீட் பேச்சே எடுக்கக் கூடாது. மிஷின் இருவர் பேரிலும். நான் லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம். ஆனால் ஓட்டுவது அவன் மட்டும். இன்னும் போன் எடுப்பதும் தார்ப்பாய் விரிப்பதும்தான் நான். கடுப்பு.

13, சனி
வெயில். இரண்டு வயல் முடிந்தது. தக்காளி, கொசுவத்தி வாங்கணும்.
தகுதிச் சுற்றில் சிவப்பு முதல். வெள்ளை நாலாவது.
"இன்னாக்கா, உன் வெள்ள நாலாவதா நின்னுக்கினு கீது?"
முந்திரிக்கொட்டை. ரேஸ் ஆறு மணி நேரம்டா.

14, ஞாயிறு
ஏழரைக்கு ஆரம்பம். அடுப்பில் இட்லி, கையில் போன். எல்லாம் நான் சொன்னபடி. சிவப்பு டயருக்காக ஒரு தடவை அதிகம் நின்றது. நாலாவது மணியில் வெள்ளை முதல்! குதித்தேன்.

ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று டிரைவர், முறை போட்டு ஓட்டுவார்கள். கடைசி மணியில் வெள்ளையில் டிரைவரை மாற்றவில்லை. நன்றாகத்தானே ஓட்டுகிறான், நேரம் மிச்சம் என்று அவனையே விட்டுவிட்டார்கள். வளைவில் பிரேக் லேட். நேராக ரோட்டோர மணலில் போய்ப் புதைந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆள்தான் களைத்துப்போனான். சிவப்பு ஜெயித்தது.

டயர், பெட்ரோல், பானெட் எல்லாம் பார்த்தேன். ஓட்டுகிறவனைப் பார்க்கவில்லை. மடச்சி. அழுதேன். சேகர் கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன், பண்ணவில்லை. "அவன் எறங்கியிருக்கணும்க்கா" என்றான், அவ்வளவுதான்.

15, திங்கள்
திருப்புலிவனம். பனி காய்ந்து ஒன்பதுக்கு ஆரம்பம். சேகர் சீட்டில், நான் தார்ப்பாயில். பந்தயம் பந்தயம்தான்.

ஒன்றரை மணிக்கு வயல் முனையில் மிஷினைத் திருப்பும்போது கட்டர் வரப்பைக் கடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவன் செய்யாத தப்பு. வயல்காரர் கத்தினார்: "இன்னா நைனா, தூங்கிக்கினே ஓட்றியா?"

மிஷினை நிறுத்தி இறங்கினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.
"பந்தயத்துல நீ தோத்துட்டக்கா. அது அதுதான்."
"நான் ஒண்ணும் கேக்கலியே."
"கேக்காத. ஏறு. நானும் மணல்ல போவணுமா?"

தார்ப்பாயை அவன் கையில் திணித்துவிட்டு ஏறினேன். மீதி வயல் முழுக்க நான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நாளை களியாம்பூண்டி. காலையில் நான், மதியம் அவன்.