பேராசிரியரின் பிரியாவிடைக் கேக்

ஒஸ்லோ, 12.11.2006

அன்பின் கமலாதேவிக்கு,

உமக்கு முழங்கால் நோ குறைந்ததோ? எனக்கு வயித்து வண்டி மட்டும்தான் வளருது, மற்றபடி சுகம்.

நான் துப்புரவாக்கும் கட்டடத்தில் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் வேலையிலிருந்து இளைப்பாறினார். இஞ்சை கிளீனரையும் கேக் தின்னக் கூப்பிடுவினம். பௌதிகத்தில் பேரெடுத்து, பிறகு பொருளியலுக்கு மாறினவராம். "அப்பா சாகுமட்டும் என்னோடு கதைக்கவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய நொர்வேஜிய மொழியும் என்னுடையதைப் போல மோசம், அதனால் எல்லாம் விளங்கிச்சுது. கேக்கை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து துடைத்த தரையையே திரும்பத் துடைக்கிறேன்.

எங்கட மகள் கம்சிகா பௌதிகத்தை விட்டுப் பொருளியல் படிக்கட்டும். பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் கோட்டைவிட்ட எனக்கு என்ன கோபம், இவ்வளவு நாளும் அவளோடு கதைக்காமல் இருக்க?

மிளகாய்த்தூள் அனுப்பும். விலாசத்தை அவளே எழுதட்டும். ஞாயிறு ரெலிபோன் அடித்தால் நீர் எடுக்காதையும்.

பஸ் வந்திட்டுது.

இரத்தினவேல்