பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்தது

தருமபுரி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

எழில் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீ நலமாக இல்லை என்று தெரிந்தே எழுதுவதால், வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை.

போனில் பேச முடியாது. உன் போனில் பாதி நேரம் உன் மகள் வீட்டுப்பாடம் பார்க்கிறாள். குரல் பதிவு அனுப்பினால் உன் மாமியார் அதைச் சத்தமாகப் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பார்கள். அதனால்தான் காகிதம். ஸ்கேன் சென்டரில் என்னோடு டோக்கன் எழுதும் சோபனா தினமும் மாரண்டஹள்ளிக்குத்தான் போகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், பிரிக்க மாட்டாள். ஆனாலும் நான்கு பின் அடித்திருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை நீ மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று போனில் பேசியது இன்னும் காதிலேயே இருக்கிறது. "எரியுது எழிலு. மொளகா அரைச்ச கையில தொட்டாப்ல எரியுது" என்றாய். பத்து நாளாகிறது என்றாய். உன் மாமியார் உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயத்தை மோரில் ஊற வைத்துக் கொடுப்பதையும், நீ அதைக் குடித்துக்கொண்டிருப்பதையும் சொன்னாய். "பண்டிகைக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கெழம அவரு வராருடி. இதப் பாத்தா நான் எவங்கிட்டயோ போயிட்டு வந்து நோவு வாங்கிட்டேன்னுதான நெனைப்பாரு?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய்.

நான் அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. தப்பு என்னுடையது என்பதால்.

மாசி மாதம் உன் போனில் ஏதோ விளம்பரம் வந்தது என்று கூப்பிட்டாயே. "லிப்ஸ்டிக் மாதிரிதான் இருக்குது, ஆனா ஒதட்டுக்கு இல்லையாம், என்னடி கர்மம் அது?" என்று கேட்டு நீயே சிரித்தாய். சிரித்து முடித்து, மாமா சத்தீஸ்கரில் போர்வெல் வண்டியோடு கிடப்பதையும், வருடத்துக்கு இரண்டு தடவை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவதையும் சொன்னாய். "வந்தா கறிக்கொழம்பு வெக்கறேன், கிரீஸ் துணி தொவைக்கறேன். எனக்குன்னு ஒண்ணும் ஆனதே இல்ல எழிலு, ஒடம்பு மரத்துக் கெடக்குது" என்றாய். பதினான்கு வருடக் கல்யாணத்தை இவ்வளவு சின்னதாக ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கு ஒரே டோக்கன் எழுதிவிட்டுத் திட்டு வாங்கினேன்.

அந்த அதிர்வுக் கருவியைக் கவனமாகத்தான் வாங்கினேன். முதலில் வரவழைத்தது ரப்பர் செருப்புப் போல நாற்றமடித்தது, தொட்டால் பிசுபிசுத்தது. எதில் செய்தது என்றே அதில் எழுதவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவது மருத்துவ வகை சிலிக்கான். வாசனை கிடையாது, தண்ணீரில் கழுவலாம், வேகத்தை மிகக் குறைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். அட்டையில் விலாசமும் புகார் சொல்ல எண்ணும் இருந்தன. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நன்றி.

அதை உன் கையில் கொடுத்த அன்று நான் செய்ததுதான் தப்பு. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில், கறுப்புக் கவரில் சுற்றி, உன் கூடையில் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்தேன். "சுத்தமா வெச்சுக்கக்கா" என்று மட்டும் சொன்னேன். உள்ளே இருந்த காகிதம் இங்கிலீஷிலும் சீன எழுத்திலும் இருந்தது. தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு வாரம் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. நீ ஏதாவது கேட்டுவிடுவாயோ என்று பயந்து, வராத பஸ்ஸை வந்துவிட்டது என்று சொல்லி ஓடினேன். டிகிரி படித்தவள் செய்கிற வேலையா அது?

நீயும் சுத்தமாகத்தான் வைத்தாய். வீட்டில் மாமியார் கை படாத ஒரே இடம் உன் கல்யாணப் பட்டு இருக்கிற பெட்டி. அதில் மடிப்புக்குள் வைத்துப் பூட்டினாய். பட்டுக்குப் பூச்சி வரக்கூடாது என்று போன மாதம் ஒரு பொட்டலம் அந்துருண்டையைக் கொட்டியதையும் நீயே சொன்னாய். அக்கா, சிலிக்கான் வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த உருண்டையின் மருந்து அதில் ஏறியிருக்கிறது. அது தெரியாமல் மெல்லிய தோலில் வைத்திருக்கிறாய். எரிந்ததும் அழுக்கு என்று நினைத்து, புண் கழுவும் மருந்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக் கழுவியிருக்கிறாய். அதையும் உன் உடம்பிலேயே ஊற்றியதாகச் சொன்னாய். எவனிடமிருந்தும் உனக்கு எதுவும் வரவில்லை. பெட்டியிலிருந்து வந்திருக்கிறது.

இதை நானாகச் சொல்லவில்லை. எங்கள் சென்டருக்கு வரும் பெண் டாக்டரிடம் கேட்டேன். அவர் அறை வாசலில் மூன்று தடவை போய் நின்று திரும்பினேன். நான்காவது தடவை அவரே "உள்ள வாம்மா, கதவ சாத்து" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டார் போல, நானும் திருத்தவில்லை. முகம் சுளிக்காமல் கேட்டார். அந்துருண்டையாலும் கழுவிய மருந்தாலும் எரிய வாய்ப்பு அதிகம், ஆனால் அதன்மேல் வேறு தொற்றும் வந்திருக்கலாம், பார்க்காமல் களிம்பு தர மாட்டேன், சனிக்கிழமை வா என்றார். அதுவரை வெறும் தண்ணீரில் மட்டும் கழுவு. சோப்பு வேண்டாம், மருந்து வேண்டாம், தேங்காய் எண்ணெயும் தடவாதே. தளர்ந்த பருத்தித் துணி உடுத்து. காய்ச்சலோ அடிவயிற்று வலியோ வந்தால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காதே.

வெளியே வந்தபோது கூட்டிப் பெருக்கும் ராணியம்மாள் கதவோரம் நின்றார். "ஊமையாட்டம் இருக்கறவதான் எல்லாம் தெரிஞ்சு வெச்சுருக்கறா" என்று சோபனாவிடம் சொன்னார். மூன்று நாளாக என்னைப் பார்த்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறார். பழகிவிடும்.

அந்தக் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எத்தனை கழுவினாலும் ஏறியது போகாது. எரிக்காதே, உள்ளே பேட்டரி இருக்கிறது. கவரில் கட்டி எடுத்து வா, நான் பார்த்துக்கொள்கிறேன்.

"இனிமே இந்தக் கருமமே வேணாம், ஆசப்பட்டதுக்குக் கூலி" என்றாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ ஆசைப்பட்டதில் தப்பில்லை. சொல்லிக் கொடுக்காமல் ஓடியவள் நான். ஆறிய பிறகு, என்றைக்காவது மறுபடி மனம் வந்தால் என்று அன்றைக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன். வேண்டாமென்றால் அடுத்த பத்தியை விட்டுவிடு.

அந்த மாதிரிக் கருவி உள்ளே வைப்பதற்கில்லை. வெளியே, மேல்பக்கம் இருக்கிற சின்ன மொட்டுக்கு மட்டும். (இந்த வரியை எழுத எனக்கு ஒரு டீ ஆறிப்போனது.) அதன் வாய் மொட்டைச் சுற்றி மெதுவாகப் பொருந்தினால் போதும், அழுத்தக் கூடாது. எப்போதும் குறைந்த வேகத்தில்தான் தொடங்க வேண்டும். சீக்கிரம் ஆகட்டும் என்று நீ முதலிலேயே கடைசி வேகத்தில் வைத்தாயே, அதனால்தான் அன்றைக்கு மரத்து வீங்கிப்போனது. சில நிமிடம் போதும். வலித்தால் உடனே நிறுத்து. ஈரப்பதத்துக்குத் தண்ணீர் கலந்த ஜெல் மெடிக்கலில் கிடைக்கும், நான் வாங்கித் தருகிறேன். முட்டிக்கு வலித்தைலம் தேய்த்த கையோடு தொடாதே. புண், எரிச்சல் இருக்கும் நாளில் வேண்டாம். யாருக்கும் இரவல் இல்லை. முன்னும் பின்னும் வாசனையில்லாத சோப்பால் கழுவி, நன்றாகக் காயவைத்து, சுத்தமான துணிப்பையில் தனியாக வைக்க வேண்டும். சேலைக்கு அடியில் ஒளித்துச் சார்ஜ் போடக் கூடாது, சூடேறும். அவ்வளவுதான் அக்கா. ஒரு குக்கரைப் பற்றிச் சொல்வதைவிடக் குறைவு. அதைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

இனி மாமா. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பத்து ஆண்கள் ஒரே வண்டியில் மாதக்கணக்கில் கிடந்து பேசும் கதையெல்லாம் காதில் விழுந்திருக்கும். அதனால் உன் பயம் எனக்குப் புரிகிறது. தோலில் ஒவ்வாமை, இத்தனை நாள் விலகி இருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருவீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். பார்த்துவிட்டு, உண்மை அதுவானால் எழுதுவேன் என்றார். சீட்டை மாமா கண்ணில் படும்படி வை. மிச்சத்தைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். எப்போது சொன்னாலும் குனிந்துகொண்டு சொல்லாதே.

உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான், அங்கே நர்ஸ் உன் நாத்தனாரின் ஓரகத்தி. சனிக்கிழமை எட்டு மணி பஸ்ஸைப் பிடி. எனக்கு வாந்தி, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வீட்டில் சொல். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். டாக்டரைப் பார்க்கும் டோக்கனில் என் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். இன்று காலை ராணியம்மாள் நிற்கும்போதே போய், அது என் அக்காவுக்கு என்று திருத்தி எழுதச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

உள்ளே நீ எதுவும் பேச வேண்டாம். எட்டாவதோடு உன்னை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தார்கள். உனக்குப் பதிலாக ஒரு தடவையாவது வாயைத் திறக்கவில்லையென்றால் அந்தப் படிப்பை நான் என்ன செய்வது? டாக்டர் கேட்பதற்கெல்லாம் நான் சொல்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.

உன் உடம்பு சீக்கிரம் ஆறட்டும். ஆறிய பிறகும் அதன்மேல் கோபப்படாதே அக்கா. அவசியம் வந்துவிடு.

உன் தங்கை,
எழிலரசி