செல்வியின் குரல்

23 டிசம்பர் 2009, புதன்

இன்று பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் ஆர்மோனியத்தோடு சேர்ந்து நன்றாகவே பாடினார்கள். செல்விக்கு மட்டும் சுருதி சேராது. “நீ சத்தமில்லாம வாய மட்டும் அசைச்சா போதும்” என்று போன வாரமே சொல்லியிருந்தேன். அப்படியே செய்தாள்.

விழா முடிந்ததும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அத்தினி புள்ளைங்க பாடியும் எம்பொண்ணு கொரலு தனியா கேட்டுச்சு டீச்சர். வேலைக்கு லீவு போட்டுட்டு முதுநகர்லேருந்து வந்தது வீணாப் போவல.”

செல்வி என்னையே பார்த்தாள். சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

“ஆமாம்மா, நல்லா பாடுனா” என்றேன். அதைக் கேட்டதும்தான் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாளை முதல் அரையாண்டு விடுமுறை. பள்ளி திறக்கும்வரை அவளிடம் பேச வழியில்லை. இந்நேரம் வீட்டில் அந்தப் பாட்டைப் பாடிக்காட்டச் சொல்லி அவள் அம்மா கேட்டிருப்பார்.